காட்டின் மொழி அறிந்தவர்

பிப்ரவரி மாதத்தில் கெடா மாநிலத்து ரப்பர் தோட்டங்களில் நடந்து பார்த்தவர்கள் ஓர் ஓசையை மறக்கமாட்டார்கள். சுங்கைப்பட்டாணி, கூலிம், பாலிங் வட்டாரங்களில் அது மழை குறைந்த காலம். பால்மரங்கள் இலைகளை உதிர்த்துவிட்டு வெறுங்கிளைகளோடு நிற்கும். தரையெங்கும் சருகு பரவிக் கிடக்கும். அதன்மேல் கோழி நடந்தாலும் கேட்கும்; உடும்பு ஓடினாலும் கேட்கும். பனி பெய்யாத நம் நாட்டில் குளிர்காலத்தை நினைவூட்டும் காட்சி இதுவே. தோட்டத் துறையினரும் ஆங்கிலத்தில் இப்பருவத்தைக் குளிர்காலத்தின் பெயராலேயே குறிப்பிடுகின்றனர்.

இருள் பிரிவதற்கு முன்பே தலைவிளக்குடன் பால்வெட்டச் சென்ற நம் முன்னோருக்கு இத்தகைய ஓசைகள் மிகவும் முக்கியமானவை. சருகில் கேட்பது காட்டுப்பன்றியின் ஓட்டமா, காற்றின் அசைவா, வேறு ஏதேனும் விலங்கின் நடையா என்று காதுதான் முதலில் சொல்ல வேண்டும். கண்ணையும் காதையும் கொண்டு காட்டைப் படிக்கும் இக்கலையில் உலகப் புகழ் பெற்றவர் ஒருவர் உண்டு. அவரே ஜிம் கார்பெட். வேட்டைக்காரராகத் தொடங்கிய அவர், புலிகளின் பாதுகாவலராக வாழ்வை நிறைவு செய்தார். அந்த மாற்றத்திற்கு வித்திட்டது அவருடைய குளிர்கால வீடு.

ஜிம் கார்பெட் 1875-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் நாள் வட இந்தியாவில், இமயமலைச் சாரலிலுள்ள நைனிடால் என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய குடும்பம் அயர்லாந்து வழிவந்த குடும்பம். தந்தையார் அவ்வூர் அஞ்சல் நிலையத்தின் தலைவராகப் பணியாற்றினார். 1881-இல், ஜிம்முக்கு ஆறு வயது நிறைவதற்கு முன்னரே, தந்தை இறந்துவிட்டார். பிள்ளைகள் பலரைக் கொண்ட அக்குடும்பத்தைத் தாயும் மூத்த அண்ணன் டாமும் தாங்கினர்.

நைனிடால் ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில், ஓர் ஏரியைச் சுற்றி அமைந்த ஊர். கோடையில் அங்கே இதமான காற்று வீசும். குளிர்காலத்திலோ கடுங்குளிர் வாட்டும், பனியும் பெய்யும். ஆதலால், குளிர் தொடங்கியதும் கார்பெட் குடும்பத்தினர் மலையடிவாரத்திலுள்ள காலாதுங்கி என்னும் சிற்றூருக்கு இறங்கிவிடுவர். அங்கே அவர்களுக்கு ஒரு நாட்டுப்புற வீடு இருந்தது. மலையுச்சியில் வாழும் பறவைகள் பலவும் அதே பருவத்தில் அடிவாரக் காடுகளுக்கு இறங்கி வரும். பறவைகளும் அக்குடும்பமும் ஒரே காரணத்திற்காக, ஒரே காட்டைத் தேடி வந்தன எனலாம்.

வீட்டை விட்டு வெளியே வந்து சற்று நடந்தாலே காடு தொடங்கிவிடும். புள்ளிமான், கடமான், காட்டுப்பன்றி, மயில், காட்டுக்கோழி, சிறுத்தை, புலி ஆகிய அனைத்தும் அங்கே வாழ்ந்தன. நைனிடாலில் பள்ளிப் பாடம் என்றால், காலாதுங்கியில் காட்டுப் பாடம். சிறுவன் ஜிம் முதலில் உண்டிவில்லோடு காட்டுக்குள் திரிந்தான். பின்னர் அவனுக்கு ஒரு பழைய துப்பாக்கி கிடைத்தது. குழலின் வாய்வழியே மருந்தைக் கெட்டிக்கும் வகையைச் சேர்ந்த அத்துப்பாக்கியின் இரு குழல்களுள் ஒன்று பிளந்திருந்தது. அதன் கட்டையைக் கம்பி சுற்றிக் கட்டிவைக்க வேண்டியிருந்தது. அத்தகைய ஆயுதத்தை நம்பி யாரும் காட்டில் அலட்சியமாக இருக்க முடியாது. ஆகவே, அவன் தன் புலன்களை நம்பக் கற்றுக்கொண்டான்.

அவனுக்கு ஆசிரியர்களும் வாய்த்தனர். அண்ணன் டாம் ஒருமுறை அவனைக் காட்டுக்கு அழைத்துச் சென்று, ஒரு பள்ளத்தின் ஓரத்தில் தனியே அமர்த்திவிட்டு அகன்றார். சிறுவன் அஞ்சி நடுங்கினான். ஆயினும், அசையாமல் இருந்தான். அச்சத்தோடு அமர்ந்திருக்கக் கற்பதே துணிவின் முதற்படி என்பதை அன்று உணர்ந்தான். அருகிலிருந்த சிற்றூரின் தலைவரான குன்வர் சிங் மற்றோர் ஆசிரியர். காட்டின் வழித்தடங்களையும் விலங்குகளின் வழக்கங்களையும் அவர் சிறுவனுக்கு அறிமுகப்படுத்தினார்.

ஜிம் கற்ற பாடங்களுள் முதன்மையானது, காட்டின் ஓசைகளைப் பிரித்தறிவது. மரத்தின் உச்சியில் அமர்ந்திருக்கும் குரங்கு, கீழே புலியைக் கண்டதும் எச்சரிக்கைக் குரல் எழுப்பும். அதைக் கேட்ட புள்ளிமான் தானும் குரல் கொடுக்கும். மயில் கூவிப் பறக்கும். இக்குரல்கள் ஓரிடத்திலேயே தொடர்ந்து கேட்டால், புலி அங்கே படுத்திருக்கிறது அல்லது நின்றிருக்கிறது என்று பொருள். குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக இடம் மாறிக் கேட்டால், புலி அத்திசையில் நடக்கிறது என்று பொருள். கண்ணுக்குத் தெரியாத விலங்கின் பாதையைக் காதாலேயே வரைந்துகொள்ள ஜிம் பழகினார். பறவை விலங்குகளின் குரல்களைத் தாமே எழுப்பவும் தேர்ந்தார்.

இரண்டாவது பாடம், தரையைப் படிப்பது. காலையில் காட்டுப் பாதையில் நடந்தால், இரவில் அவ்வழியே சென்றவை எவை என்பதை மண் சொல்லும். ஆண்புலியின் அடித்தடம் சற்றுச் சதுரமாக இருக்கும். பெண்புலியின் தடம் சற்று நீண்டிருக்கும். தடத்தின்மேல் சிறு பூச்சிகள் ஊர்ந்த கோடுகள் இருந்தால், அத்தடம் பதிந்து நேரமாகிவிட்டது என்று அறியலாம். புத்தகத்தில் எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோல, ஜிம் ஒவ்வொரு தடமாகக் கூட்டிப் படித்தார்.

சிறுவயதில் நிகழ்ந்த ஒரு சந்திப்பு அவர் மனத்தில் ஆழப் பதிந்தது. ஒருநாள் அவர் தம் பழைய துப்பாக்கியுடன் காட்டுக்கோழிகளைப் பின்தொடர்ந்து ஓசையின்றி ஊர்ந்து சென்றார். வழியில் இருந்த புதரை அவர் நெருங்கியபோது, அது திடீரென்று அசைந்தது. மறுபக்கத்திலிருந்து ஒரு புலி எழுந்து வெளியே வந்தது. அது திரும்பிச் சிறுவனை உற்றுப் பார்த்தது. இருவருக்கும் இடையில் அந்தப் புதர் மட்டுமே இருந்தது. சில நொடிகள் கழிந்தன. பிறகு, அப்புலி திரும்பிக்கூடப் பாராமல் மெதுவாக நடந்து மறைந்தது. கொல்ல வல்ல விலங்கு தன்னைக் கொல்லாமல் சென்றதை அச்சிறுவன் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. காரணமின்றிப் புலி மனிதனைத் தாக்குவதில்லை என்னும் எண்ணம் அவருக்கு அன்றே உண்டாயிற்று.

குடும்ப வறுமையால் ஜிம் உயர்கல்வி பெற இயலவில்லை. பதினெட்டு வயதளவில் இரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்தார். பின்னர், கங்கைக் கரையிலுள்ள மொகாமே காட் என்னும் இடத்தில் சரக்குகளை ஏற்றி இறக்கும் ஒப்பந்தத்தை ஏற்று, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உழைத்தார். தொடக்கத்தில், பகல் முழுவதும் மேற்பார்வை பார்த்ததோடு நில்லாமல், தொழிலாளர்களோடு சேர்ந்து தாமும் நிலக்கரி அள்ளினார். ஏழைகளின் உழைப்பையும் துன்பத்தையும் அங்கே அவர் நேரில் கண்டார்.

அந்நாளில், அவர் பிறந்த குமாவோன் மலைப்பகுதி பெரும் அச்சத்தில் ஆழ்ந்திருந்தது. சம்பாவத் என்னும் ஊரின் சுற்றுப்புறத்தில் ஒரு பெண்புலி மனிதர்களைக் கொன்று வந்தது. நேப்பாளத்திலும் குமாவோனிலுமாக அது கொன்றவர்கள் 436 பேர் என்பது கணக்கு. புல்லறுக்கவும் விறகு பொறுக்கவும் சென்ற பெண்களே பெரும்பாலும் பலியாயினர். மக்கள் கதவை அடைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே முடங்கினர். வயல்கள் கவனிப்பாரற்றுக் கிடந்தன.

அப்புலியைக் கொல்லும்படி அரசு அதிகாரி ஒருவர் கார்பெட்டைக் கேட்டுக்கொண்டார். அவர் ஒப்புக்கொண்டார், ஆனால், இரண்டு நிபந்தனைகளை விதித்தார். புலியின் தலைக்கு அறிவிக்கப்பட்ட பரிசுத்தொகையை நீக்க வேண்டும்; பரிசுக்காக அலையும் மற்ற வேட்டைக்காரர்களைத் திரும்ப அழைக்க வேண்டும். பணத்துக்காகக் கொல்பவர் என்னும் பெயர் தமக்கு வேண்டாம் என்று அவர் எண்ணினார். 1907-இல் அவர் அப்புலியைச் சுட்டு வீழ்த்தினார். மக்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டனர்.

மற்றவர்கள் அத்தோடு திரும்பியிருப்பர். கார்பெட்டோ இறந்த புலியின் வாயைத் திறந்து பார்த்தார். அதன் வலப்பக்கக் கோரைப்பற்கள் உடைந்திருந்தன. முன்பு எவரோ சுட்ட குண்டு அவற்றை உடைத்திருந்தது. இயல்பான இரையைப் பிடித்துக் கொல்ல முடியாத நிலையிலேயே அது மனிதரை நாடியது என்பதை அவர் அறிந்தார். முக்தேசர் என்னும் இடத்தில் அவர் பின்னர் சுட்ட மற்றொரு பெண்புலியின் உடலில் முள்ளம்பன்றியின் முட்கள் பல தைத்திருந்தன. இவ்வாறு ஒவ்வொரு முறையும் அவர் காரணத்தைத் தேடினார். ஆட்கொல்லிப் புலிகளுள் பல, மனிதர் உண்டாக்கிய காயத்தாலோ முட்கள் தைத்த புண்ணாலோ முதுமையாலோ அவ்வாறு ஆனவை என்பதை எடுத்துக்காட்டினார்.

கேதார்நாத், பத்ரிநாத் திருத்தலங்களுக்குச் செல்லும் பாதையில், ருத்ரபிரயாகை என்னுமிடத்தில், ஒரு சிறுத்தை எட்டு ஆண்டுகள் யாத்திரிகர்களையும் ஊர்மக்களையும் அச்சுறுத்தியது. அரசுக் கணக்கின்படி 125 பேரைக் கொன்ற அச்சிறுத்தையைக் கார்பெட் 1926-இல் வீழ்த்தினார். 1938-இல், தாக் என்னும் மலைக்கிராமத்தில், அந்தி மயங்கும் வேளையில் அவர் ஆண்புலியைப்போல் குரலெழுப்பினார். அக்குரலை நம்பி ஆட்கொல்லிப் பெண்புலி அவரை நோக்கி வந்தது. சிறுவயதில் காலாதுங்கியில் கற்ற பாடம் அன்று அவர் உயிரையும் ஊரார் உயிரையும் காத்தது.

இவற்றுக்கிடையே கார்பெட் தம் குளிர்கால வாழ்வைக் கைவிடவில்லை. 1915-ஆம் ஆண்டளவில் காலாதுங்கிக்கு அருகே, சோட்டி ஹல்த்வானி என்னும் பாழடைந்த சிற்றூரை வாங்கினார். நிலமற்ற குடும்பங்களை அங்கே குடியேற்றினார். 1922-இல் தமக்கும் தம் அக்காள் மேகிக்கும் அங்கே ஒரு வீடு கட்டினார். இருவரும் திருமணம் செய்துகொள்ளவில்லை. காலை வேளைகளில் வீட்டுத் தாழ்வாரத்தில் நோயாளிகள் காத்திருப்பர். காய்ச்சலுக்கும் புண்ணுக்கும் இருவரும் மருந்து கொடுப்பர்.

காட்டோரத்தில் பயிரிடுவது எளிதன்று. பகலில் உழுது விதைத்ததை இரவில் காட்டுப்பன்றிகள் வந்து கிளறிப் போட்டன. மான்களும் பயிரை மேய்ந்தன. எல்லா விலங்குகளையும் சுட்டுத் தீர்ப்பது ஒரு வழி. கார்பெட் மற்றொரு வழியைத் தேர்ந்தார். ஊரைச் சுற்றிலும் கல்சுவர் எழுப்பினார். அதைக் கட்டி முடிக்கப் பல ஆண்டுகள் ஆயின. சுவருக்கு உள்ளே பயிர், வெளியே காடு. இரண்டுக்கும் இடமுண்டு என்பதையே அச்சுவர் காட்டியது.

ஆயினும், கார்பெட் தொடக்கம் முதலே குறையற்றவராக இருந்தார் என்று கூறுவது உண்மையாகாது. அக்காலத்து வெள்ளையர் பலரைப்போல் அவரும் பெருமைக்காக வேட்டையாடினார். 1930-இல், காலாதுங்கிக்கு அருகே பவல்கர் காட்டில் அவர் சுட்ட மிகப் பெரிய ஆண்புலி எவரையும் கொன்றதன்று. எனினும், மனம் மெல்ல மாறியது. காடுகள் சுருங்குவதையும், பொழுதுபோக்குக்காகப் பலர் புலிகளைச் சுட்டுக் குவிப்பதையும் அவர் கண்டார். துப்பாக்கியால் கிடைக்கும் தோல் சில ஆண்டுகளில் பூச்சியரித்துப் போகும். படமாகப் பிடித்த புலியோ உயிரோடும் இருக்கும், எல்லாரும் காணவும் உதவும் என்பதை உணர்ந்தார்.

ஆகவே, அவர் அசையும் படம் எடுக்கும் கருவியை வாங்கினார். புதிய வேட்டை பழையதைவிடக் கடினமாக இருந்தது. கருவி ஓடும்போது எழும் இரைச்சலைக் கேட்டுப் புலிகள் ஓடிவிடும். கார்பெட் சோர்வடையவில்லை. காட்டு நீரோடையில் கற்களை அடுக்கிச் சிறுசிறு அருவிகளை உண்டாக்கினார். நீரின் ஓசைக்குள் கருவியின் ஓசை மறைந்தது. ஒரு குளிர்காலத்தில், பல மாதங்கள் நாள்தோறும் பதுங்கிக் காத்திருந்து, ஏழு புலிகளை மிக அருகில் படம் பிடித்தார். புலிகளின் கண்களுக்கு அவர் தெரியவுமில்லை. அவரால் அவற்றுக்குத் தீங்கு நேரவுமில்லை.

அப்படங்களைப் பள்ளிகளிலும் மன்றங்களிலும் காட்டிக் காட்டைக் காக்கும்படி வேண்டினார். 1936-இல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா அப்பகுதியில் அமைக்கப்பட்டது. அதற்கு ஆதரவாக உழைத்தவர்களுள் கார்பெட் முக்கியமானவர். அவர் இறந்தபின், அப்பூங்காவுக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. 1973-இல் இந்திய அரசு புலிகளைக் காக்கும் பெருந்திட்டத்தை அங்கிருந்துதான் தொடங்கியது.

1944-இல் வெளிவந்த அவருடைய முதல் பெருநூல், ஆட்கொல்லிப் புலிகளைப் பற்றியது. அது தமிழ் உட்படப் பல மொழிகளில் வந்துள்ளது. அதன் முதற்பதிப்பின் வருவாயைப் போரில் பார்வை இழந்த இந்திய வீரர்களின் நலனுக்கு அவர் அளித்தார். இரண்டாம் உலகப் போரின்போது, பர்மாக் காடுகளுக்குச் செல்லவிருந்த வீரர்களுக்குக் காட்டில் உயிர்பிழைக்கும் கலையைக் கற்பித்தார். அப்போது அவருக்கு வயது எழுபதை நெருங்கியிருந்தது.

இந்தியா விடுதலை பெற்ற 1947-இல், கார்பெட்டும் மேகியும் கென்யா நாட்டின் நியேரி என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தனர். சோட்டி ஹல்த்வானியின் நிலம் அதை உழுத மக்களுக்கே உரியதாயிற்று. நியேரியில் அவர்கள் தங்கிய சிறிய வீடு, சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்த பேடன் பவல் பிரபுவுக்காகக் கட்டப்பட்டது. அங்கும் கார்பெட் விலங்குகளைப் படமெடுத்தார், நூல்கள் எழுதினார். 1955-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் நாள் அவர் காலமானார். பிறந்த மலையிலிருந்து வெகு தொலைவில், நியேரியிலேயே அடக்கம் செய்யப்பட்டார். காலாதுங்கியிலுள்ள அவருடைய குளிர்கால வீடு இன்று அருங்காட்சியகமாக விளங்குகிறது.

கெடாவில் வாழும் நமக்கும் இவருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1968-இல் விராட்டிஸ்லாவ் மசாக் என்னும் செக் நாட்டு அறிவியலாளர், தென்கிழக்காசியப் புலிகளைத் தனி வகையாகப் பிரித்து, அவ்வகைக்குக் கார்பெட்டின் பெயரைச் சூட்டினார். தீபகற்ப மலேசியாவின் புலிகளும் அப்பெயரிலேயே அடங்கியிருந்தன. 2004-இல்தான் மரபணு ஆய்வின் வழி மலாயாப் புலி தனி வகை என்று அறிவிக்கப்பட்டது. ஆக, கெடாக் காட்டுப் புலிகள் 36 ஆண்டுகள் கார்பெட்டின் பெயரைத் தாங்கின.

அந்த மலாயாப் புலியே நம் நாட்டுச் சின்னத்தில் நிற்கிறது. ஆனால், 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி, காடுகளில் எஞ்சியுள்ளவை 150-க்கும் குறைவு. திருட்டு வேட்டையும் கண்ணி வைப்பதும் காடழிப்பும் அவற்றைக் குறைத்துவிட்டன. சிக், பாலிங் வட்டாரங்களில் காட்டு யானைகள் தோட்டங்களுக்குள் நுழைந்து வாழையையும் இளமரங்களையும் சாய்த்த செய்திகளையும் நாம் கேள்விப்படுகிறோம். பயிரை இழந்தவரின் வருத்தம் உண்மையானது. காட்டை இழந்த விலங்கின் பசியும் உண்மையானது.

கார்பெட் இவ்விரண்டையும் அறிந்தவர். ஆட்கொல்லியிடமிருந்து மக்களைக் காக்கத் துப்பாக்கி ஏந்தினார். கொன்ற பிறகு, அது ஏன் ஆட்கொல்லியானது என்று கேட்டார். பயிரைக் காக்கச் சுவர் எழுப்பினார். சுவருக்கு அப்பாலிருந்த காட்டைக் காக்கவும் பாடுபட்டார். விலங்கு ஊருக்குள் வந்தால், அதை விரட்டுவதோடு நில்லாமல், அது வந்த காரணத்தையும் தேட வேண்டும் என்பதே அவர் வாழ்க்கை தரும் பாடம்.

அடுத்த பிப்ரவரியில் இலையுதிர்ந்த பால்மரங்களுக்கு இடையே நடக்க நேர்ந்தால், மாணவர்களே, சற்று நின்று கேளுங்கள். சருகின் ஓசையும் பறவையின் குரலும் ஏதோ ஒரு செய்தியைச் சொல்லிக்கொண்டிருக்கும். அதைக் கேட்கப் பழகிய சிறுவன் ஒருவன்தான் பிற்காலத்தில் ஒரு காட்டையே காக்கத் துணைநின்றான்.